பதினேழாவது நொடி

வீட்டில் கடைக்குட்டி என்பதால் முப்பத்தெட்டு வயதிலும் அவள் பாப்பாதான். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, நான்கு பேர் கொண்ட அலுவலகத்தில் வீடியோ பார்க்கும் செயலிகளை எழுதுகிறவள். வீடியோவைப் பிரித்துத் திரையில் கொண்டுவரும் முரட்டு வேலையை, வெளியிலிருந்து வாங்கிய ஒரு மீடியா இன்ஜின் பார்த்துக்கொள்ளும். அதன் மேல் பொத்தான், வீடியோவை முன்பின் நகர்த்தும் ஸ்லைடர், நேரம் காட்டும் எண் எல்லாம் வைப்பது பாப்பாவின் பாடு. "இன்ஜின் ஓடுது, ஸ்டியரிங் உன் கையில. அப்ப நீயும் டிரைவர்தான்" என்று அண்ணன் கிண்டல் செய்வான். அண்ணன் நிஜமாகவே டிரைவர். பத்தொன்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவன், அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்க வைத்தவன். ஓட்டுகிறவன் என்று சொல்வது பழக்க தோஷம். இரண்டு மாதம் முன்பு வரை ஓட்டியவன்.

ஒரு நிறுத்தத்தில் ஏறிய பெண்மணி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். பேருந்து நகர்ந்த நேரம் 10:42:17 என்று வண்டியில் இருந்த கருவி பதிந்து வைத்திருந்தது. விசாரணை அதிகாரி கேமரா வீடியோவைத் திறந்து, அந்த நேரத்தைத் தட்டினார். கதவு திறந்திருந்தது. அந்தம்மாவின் ஒரு கால் படியில், மறு கால் தரையில். படத்தின் மூலையில் 10:42:17. அச்சடித்துக் கோப்பில் வைத்தார்கள், வேலை போயிற்று. அதிகாரி பயன்படுத்திய செயலி பாப்பா எழுதியது.

"கதவ மூடிட்டுத்தான் எடுத்தேன் பாப்பா. கண்ணாடியில பாத்தேன்."

"படம் பொய் சொல்லாதுண்ணா" என்றாள் அவள். உலகத்தில் அவளைத் தவிர யார் சொல்லியிருந்தாலும் அண்ணன் தாங்கியிருப்பான்.

அதற்குப் பிறகு அவன் அவளிடம் பேசவில்லை. மேல்முறையீட்டுக்காக அவன் வாங்கிய வீடியோ நகலை அண்ணிதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

"காலையில யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ஹால்ல உக்காந்துடறாரு பாப்பா. சாயங்காலம் கழட்டறாரு. எனக்கு பயமா இருக்கு. நீயே ஒரு தடவ பாரேன்."

அலுவலகத்தில் மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது பார்த்தாள். நேரத்தைத் தட்டினாள். அதே கால், அதே படி. அதிகாரிகள் இந்தப் படத்தோடு நிறுத்தி அச்சடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். பார்த்த படத்தை யார் ஓடவிட்டு உட்கார்ந்திருப்பது? பாப்பாவுக்கு எதையும் ஓட்டிப் பார்க்கிற பழக்கம். பிளே பொத்தானை அழுத்தினாள்.

மூலையில் இருந்த எண் பதினேழிலிருந்து பின்னோக்கிப் பதினான்குக்குக் குதித்தது.

பிறகு ஒழுங்காக எண்ணிக்கொண்டு போனது. பதினைந்தில் அந்தம்மா உள்ளே வந்தாள். பதினாறில் கதவு மூடியது. பதினேழில் பேருந்து நகர்ந்தது. கம்பியை விட்டுவிட்டுப் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்த அந்தம்மா உள்ளேயே விழுந்தாள்.

பாப்பா தான் எழுதிய நிரலைத் திறந்தாள். வீடியோவில் எல்லாமே முழுப் படம் அல்ல. இந்தக் கேமராவில் நான்கு நொடிக்கு ஒன்றுதான் முழுப் படம், நடுவில் இருப்பவை முந்தையதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள். கேட்ட நொடியைச் சரியாகக் காட்ட இன்ஜின் முந்தைய முழுப் படத்திலிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும், கொஞ்சம் தாமதமாகும். இரண்டு வருடம் முன்பு, "ஸ்லைடரா மாட்டு வண்டியா?" என்று போக்குவரத்து அலுவலகம் கேட்டது. பாப்பா இன்ஜினின் வேக வழியைப் போட்டுவிட்டாள்: முந்தைய முழுப் படத்தையே காட்டி நிறுத்து. ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினாள். நின்ற படத்துக்கு நேரத்தை ஸ்லைடரிடம் கேட்டு எழுதினாள், படத்திடம் கேட்கவில்லை. அதனால்தான் பதினான்காம் நொடியின் படத்தில் பதினேழு என்று விழுந்தது. முதலாளி அன்று கேக் வெட்டினார்.

அந்த முதலாளியிடமே போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"அடுத்த அப்டேட்ல சத்தமில்லாம சரி பண்ணிடு. உங்க அண்ணனுக்கு நான் வேற எங்கயாவது சொல்றேன். இது வெளிய போனா நாம நாலு பேரும் தெருவுலதான்."

"எங்கண்ணன் ஏற்கெனவே தெருவுலதான் சார் இருக்கான்."

மேல்முறையீட்டு நாளில் அண்ணன் சீருடையில் வந்திருந்தான், அதன் தோள் தொளதொளவென்று தொங்கியது. பாப்பா மேல் அதிகாரியின் மேசையில் பழைய செயலியையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள். ஒரே நேரத்தைத் தட்டினாள். ஒன்றில் படியில் கால், மற்றதில் மூடிய கதவு.

"தப்பு என்னுது சார். டிரைவர் மேல இல்ல" என்றாள். சொல்லும்போதே அழுதாள்.

அதிகாரி நாலைந்து முறை தானே தட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கே டூட்டிக்கு வாங்க" என்று அண்ணனிடம் சொன்னார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உதவியாளரிடம், இரண்டு வருடக் கோப்புகளையும் எடுத்துவரச் சொன்னார்.

நடைபாதையில் அண்ணன் சிரிப்பான் என்று பாப்பா எதிர்பார்த்தாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு வருஷமாவா இப்படி?"

"ஆமாண்ணா."

"அப்ப நெட்டையன்?"

நெட்டையன் அதே டிப்போ டிரைவர், அண்ணனின் பன்னிரண்டு வருடக் கூட்டாளி. போன வருடம் இதே மாதிரி ஒரு படத்தால் வேலை போனவன்.

"வீட்டுக்கு வந்து, நான் செய்யலடான்னு அழுதான். படத்துலயே தெரியுதேடான்னு சொல்லி அனுப்பிட்டேன் பாப்பா. அப்புறம் அவன் போனையே எடுக்கல நான்."

அண்ணன் கைபேசியை எடுத்து எண்ணைத் தேடி அழுத்தினான். பாப்பாவுக்கும் கேட்டது. இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. அவன் வைத்துவிட்டு, மறுபடியும் அதே எண்ணை அழுத்தினான்.