கோடு பிசகாத சம்பந்தி

"குனியிறவன் என் புள்ளையே இல்ல, சம்பந்தியம்மா!"ன்னு என் வாசல்ல நின்னு கத்தினாரு மனுஷன். நான் என்ன கேட்டுட்டேன்? சண்டைக்குப் போற புள்ளைக்குக் கொஞ்சம் பதுங்கவும் கத்துக்குடுங்கன்னேன். அவரு மகன்தான் என் பொண்ணோட புருஷன். நான் புருஷன் இல்லாம கெடக்கறது போதாதா, அவளுக்கும் அந்தக் கதியா?

சம்பந்தி பட்டாளத்துல டிரில் மாஸ்டர். உலக்கையை முழுங்கின மாதிரி நடப்பாரு. தோளோட தோள் ஒட்டி, நெஞ்சை நிமித்தி, நேர் வரிசையா நடந்து போனா எதிரி பயந்து ஓடிருவானாம். அவரு தாத்தா காலத்துப் பாடம். வரிசை நேரா இருக்கான்னு பாக்க, நான் துணி காயப்போடுற கயித்தையே அவுத்துட்டுப் போயிருவாரு. ஈரத்துணி எல்லாம் நாற்காலி மேல கெடக்கும்.

மருமகன் கிளம்ப அஞ்சு நாள் இருக்கு. இவருகிட்ட டிரில் பழகின சிப்பாய் ஒருத்தன் சண்டையிலேருந்து ஒரு கை இல்லாம வந்தான். அன்னிக்குக் கயித்தைக் கேட்டு நானும் மைதானத்துக்குப் போயிருந்தேன். அவன் மைதானத்துக் கடைசியில சுவரோரம் உக்காந்துக்கிட்டு, "மாஸ்டர், உங்க ஆளுங்களை நடந்து வரச் சொல்லுங்க. நான்தான் எதிரியோட மெஷின்கன்"னு சொல்லி, ஒரு தகர டப்பாவைக் குச்சியால படபடன்னு தட்டினான். முப்பது அடி நடந்திருக்க மாட்டாங்க. "போதும், எல்லாரும் செத்தாச்சு"ன்னான்.

"ஏன், வரிசை கோணிருச்சா?"ன்னாரு என் புத்திசாலி சம்பந்தி.

"இல்ல மாஸ்டர், ரொம்ப நேரா இருந்துச்சு. எங்களதும் அப்படித்தான். ஒரே கோடா விழுந்தோம்."

மனுஷன் கயித்தைச் சுருட்டி என் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு.

மறுநாள் பாத்தா, ஒரு புல்லு முளைச்சாலே குதிப்பாரே, அந்த மைதானத்தை அவரே கொத்திப் பதுங்குகுழி வெட்டிக்கிட்டிருக்காரு! மகனைத்தான் முதல்ல குழியில இறக்கினாரு. "குனிடா! இன்னும் குனி! வாயில மண்ணு போனா போகட்டும்!"

நான் சும்மா இருப்பேனா? "இது உங்க புள்ளைதானா?"ன்னேன்.

"வாயை மூடிட்டு அந்த மண்ணைத் தள்ளுங்க சம்பந்தியம்மா"ன்னாரு. தள்ளினேன்.

மைதானத்தைப் பாழாக்கிட்டாருன்னு மேலதிகாரி அவரை வெங்காயம் உரிக்கச் சமையக்கட்டுக்கு மாத்திட்டாரு. அங்கயும் விறைப்பாத்தான் நின்னு உரிக்கிறாரு.

மருமகன் ஒரு வருஷம் கழிச்சு வந்தான். ஒரு காது மந்தம், மத்தபடி முழுசா வந்தான். கிளம்புறப்போ அப்பா வாங்கிக் குடுத்த மடக்கு மண்வெட்டியும் கூடவே வந்துச்சு; குழி தோண்டித் தோண்டி, பிடி மட்டும் ரெண்டு தடவை மாத்தினானாம். அந்த மண்வெட்டிக்குச் சம்பந்தி கடையில குடுத்தது மூணு நாள் சம்பளம்.