இரண்டு வீட்டுச் சுவரில் ஒரே முகம்

காலை ஆறு மணி. பண்ணாரி சோதனைச் சாவடியில் கேட்டைத் திறந்ததும், ராத்திரி முழுக்க வரிசை கட்டி நின்ற லாரிகளோடு எங்கள் பேருந்தும் திம்பம் மலையேறத் தொடங்கியது. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். பக்கத்து இருக்கை அம்மாள் மூன்றாவது வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். எனக்கு வயிறு ஒன்றும் செய்யவில்லை, மனசுதான் புரட்டியது.

நான் மைசூருக்குப் போனது அரண்மனை பார்க்க இல்லை. என் மகள் தாரணி அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன் பிரவீணை அவளுக்குப் பிடித்துப்போனது. போன மாதம் பையன் வீட்டார் சத்தியமங்கலத்துக்குப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பையனின் அப்பா சிவலிங்கம் கேசரித் தட்டை வாங்கினார், நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அங்கே என் வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தா கருப்பண்ணனின் படம், சந்தனப் பொட்டும் மாலையுமாக.

"இது எங்க கொள்ளுத்தாத்தா படமாச்சே! எங்க வீட்லயும் இவர்தானே இருக்காரு!" என்றார்.

அவ்வளவுதான். கொள்ளுத்தாத்தா ஒரே ஆள் என்றால் நாங்கள் பங்காளிகள். பங்காளி வீடு என்றால் தாரணியும் பிரவீணும் அண்ணன் தங்கச்சி முறை. கேசரியைத் தொடாமல் கிளம்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் "மூஞ்சி ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணுதான், விடு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து தாரணி போனில் பேசினால் "ம்" என்ற ஒரே எழுத்துதான். எந்தத் தாய்க்கு மனசு கேட்கும்? எதுவானாலும் என் கண்ணால் பார்த்துவிடுகிறேன் என்று, கருப்பண்ணன் பெயரில் இருந்த பழைய நிலப் பத்திரத்தின் நகலைப் பையில் வைத்துக்கொண்டு ஒண்டியாகக் கிளம்பிவிட்டேன்.

எட்டரை மணிக்குச் சாமராஜநகர். இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு மைசூர் பேருந்தில் ஏறினேன். நடத்துநர் பெண்களிடம் எல்லாம் ஆதார் அட்டையைப் பார்த்து இலவசச் சீட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தார். நானும் கெத்தாக என் அட்டையை நீட்டினேன். பார்த்தார், சிரித்தார்.

"இது தமிழ்நாடு ஆதார் அம்மா. நீங்க காசு குடுக்கணும்."

எழுபத்தெட்டு ரூபாய். பக்கத்தில் இருந்த பூக்காரப் பெண் இரண்டு கூடைகளோடு இலவசமாக உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் நானும் மகாராணிதான் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். பாவம், அவளுக்குத் தமிழ் புரியவில்லை. அறுபது கிலோமீட்டர் சொச்சம், வழியெல்லாம் கரும்பும் வாழையும். நஞ்சன்கூடு தாண்டியதும் சாமுண்டி மலை தெரிந்தது.

பத்தே முக்காலுக்கு மைசூர் பேருந்து நிலையம். பையன் வீடு இருக்கும் அக்ரஹாரத்துக்கு எண்பது ரூபாய் கேட்டார் ஆட்டோக்காரர்.

"கூப்பிடு தூரத்துக்கு எண்பதா? மீட்டர் போடுங்க தம்பி."

"மீட்டர் ரிப்பேருக்கா."

"அதானே, எந்த ஊர்லதான் அதுக்கு உடம்பு நல்லா இருந்திருக்கு!"

சிரித்துவிட்டு ஐம்பதுக்கு ஒத்துக்கொண்டார். அவருடைய அப்பா அம்மாவுக்குச் சொந்த ஊர் கௌதள்ளியாம், இவர் பிறந்தது இங்கேதான். "என் பசங்க தமிழ் பேசுவாங்கக்கா, ஆனா படிக்கச் சொன்னா முழிப்பாங்க" என்றார். கோயில், பூஜைச் சாமான் கடை, ஸ்கூட்டர் என்று நெருக்கியடித்த தெருவில், பச்சைக் கதவு போட்ட வீட்டு முன்னால் இறக்கிவிட்டார்.

கதவைத் திறந்தது பிரவீணின் அம்மா மங்களா. நான் வருவதாகப் போனில் சொல்லியிருந்தும், என்னைப் பார்த்ததும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. "வாங்கக்கா, உள்ளே வாங்க. காபி குடிச்சுட்டு மாத்தாடலாம், பேசலாம்" என்று கன்னடத்தையும் தமிழையும் கலந்து ஏதேதோ சொன்னார். சிவலிங்கம் கட்டட மேஸ்திரி. சைட்டுக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

அவர்கள் பக்கத்து ஆதாரங்களை எடுத்து வைத்தார். முதலில், வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் கட்டட வேலை செய்ததற்கான கூலிச் சீட்டு: கருப்பண்ணன், தகப்பன் பெயர் செல்லப்பன், ஊர் மார்டள்ளி. என் பையிலிருந்த பத்திரத்தை எடுத்தேன். அதிலும் மார்டள்ளி செல்லப்பன் மகன் கருப்பண்ணன்தான். அடுத்து அவர் தன் தாத்தாவின் பள்ளிச் சான்றிதழைக் காட்டினார். அதில் தகப்பன் பெயர் நஞ்சப்பன் என்று இருந்தது.

"இதென்னங்கண்ணா, கருப்பண்ணன் பேரு இங்க மட்டும் மாறுது?"

"ரெண்டு பேரு வச்சிருந்திருப்பாரு. எங்க பெரியப்பா சொல்வாரு, ஊர்ல ஒரு குடும்பம், இங்க ஒரு குடும்பமாம். அங்க ஒரு பேரு, இங்க ஒரு பேரு" என்றார் சிவலிங்கம் எரிச்சலோடு.

"அடேங்கப்பா, மகாராஜாவே தோத்தாரு போங்க" என்று வாயை விட்டுவிட்டேன். மங்களா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிவலிங்கம் சிரிக்கவில்லை.

படத்தைப் பார்க்கணும் என்றேன். பூஜை அறையில் உயரத்தில் மாட்டியிருந்தது. எங்கள் வீட்டில் இருப்பது முகம் மட்டும்தான். பழைய படம் கரையான் அரித்துக்கொண்டு வந்ததால், என் மாமனார் காலத்தில் தலையை மட்டும் ஸ்டூடியோவில் பெரிசாக்கி வாங்கியது. இங்கே முழுப் படமும் இருந்தது. ஆனால் பெரிய பிளாஸ்டிக் மாலை ஒன்று கீழ்ப் பாதியை மறைத்துத் தொங்கியது. மேலே தெரிந்தது அதே மீசை, அதே முண்டாசு. சந்தேகமே இல்லை, அதே ஆள்தான். அவர் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். மோவாயில் பள்ளம். அந்தப் பள்ளம் எனக்கு நன்றாகத் தெரியும். கருப்பண்ணனின் மனைவி வெள்ளையம்மாள் கிழவியான பிறகு எடுத்த படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. என் தாரணிக்கும் அதே மோவாய்தான்.

"இது எங்க வீட்டுப் பாட்டி" என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"ஹௌது, ஆமாக்கா, ஊர்ல கட்டின மொதல் பொண்டாட்டின்னு எங்க மாமியார் சொல்வாங்க" என்றார் மங்களா மெதுவாக. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

புருஷன், பொண்டாட்டி, இரண்டு வீடு. கதை முடிந்தது. தாரணியிடம் என்ன சொல்வேன்? இருந்தாலும் இவ்வளவு தூரம் வந்துவிட்டு அரைப் படத்தைப் பார்த்துவிட்டா போவது? படத்தை இறக்கித் தரச் சொன்னேன். சிவலிங்கம் வேண்டாவெறுப்பாக ஸ்டூல் போட்டு ஏறி, இறக்கிக் கொடுத்தார். மாலையைக் கழற்றிவிட்டு, கண்ணாடியில் அப்பியிருந்த சந்தனத்தை என் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

அவர் மடியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. மொட்டைத் தலை, தலை நிறையச் சந்தனம். வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது. படத்தின் ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை குழந்தையின் காதைப் பிடித்திருந்தது.

"இது காதுகுத்துங்க!" என்று கத்தியேவிட்டேன்.

"அதுக்கென்ன இப்போ?" என்றார் சிவலிங்கம்.

"அதுக்கென்னவா? உங்க பிரவீணுக்குக் காது குத்தறப்ப யார் மடியில உட்கார வச்சீங்க?"

"எங்க அண்ணன் மடியில" என்றார் மங்களா. சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "தாய்மாமன்!"

"அதேதான். தாய்மாமன் இல்லாட்டி ஒண்ணுவிட்ட மாமனைக் கூப்பிட்டு உட்கார வைப்பாங்க. எந்த ஊர்லயாவது பெத்த அப்பன் உட்காருவானா? பின்னால நிக்கறது எங்க வெள்ளையம்மா, கொழந்தை அவ பெத்தது. அப்ப மடியில வச்சிருக்கறவரு அவ புருஷன் இல்லீங்கண்ணா, அவ கூடப்பிறந்தவரு!"

சிவலிங்கம் படத்தை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். இத்தனை தலைமுறையாக இரண்டு வீட்டிலும் மூஞ்சியைப் பார்த்துக் கும்பிட்டோமே தவிர, ஒருத்தரும் மடியைப் பார்க்கவில்லை.

"சரிங்க, ஆள் எங்க வெள்ளையம்மாவுக்கு அண்ணனோ தம்பியோ. ஆனா கூலிச் சீட்டுல எங்க கருப்பண்ணன் பேரு எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். "அதை என்னைக் கேளுங்க! எங்க வேலையில இன்னிக்கும் நடக்கறதுதான். ஊர்ல நடவுன்னா ஆள் கெளம்பிடுவான். திரும்பி வந்தா எடம் இருக்கணுமே, அதனால மச்சானை அனுப்பிடுவான். அவன் பேர்லயே இவன் வேலை செய்வான். போன வாரம் ஒருத்தனை சீனிவாசா, சீனிவாசான்னு தொண்டை கிழியக் கத்தறேன், திரும்பியே பார்க்கல. பார்த்தா அவன் சீனிவாசனோட மச்சான்!"

பிறகு எல்லாம் தானாகப் பொருந்தி வந்தது. கருப்பண்ணன் வேலைக்குச் சேர்ந்தவர், பயிர் பார்க்க ஊருக்குத் திரும்பியிருப்பார். மச்சான் நஞ்சப்பன் அவர் பெயரில் வந்து, இங்கேயே தங்கிவிட்டார். துரைக்கு அவர் கடைசிவரை கருப்பண்ணன்தான். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மட்டும் சொந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். அதை நினைத்தபோது முன்பின் பார்க்காத அந்த மனிதர் மேல் எனக்குப் பாசம் பொங்கிவிட்டது.

வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன். "இத்தனை வருஷமா தாத்தாவோட மாமனுக்குப் படையல் போட்டிருக்கீங்க, போங்க!" என்றேன். "அப்ப எங்க கொள்ளுத்தாத்தா எப்படி இருந்திருப்பாரு?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கருப்பண்ணனுக்குப் படமே கிடையாது. சந்தோஷத்துக்கு நடுவில் அது ஒரு சுருக்கென்ற வலி.

தாரணிக்கு மங்களாவே போன் போட்டார். "உன் மாமியார் மாத்தாடறேன்" என்று ஆரம்பித்தவர், மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டதும் தானும் அழுது, போனை என்னிடம் கொடுத்துவிட்டார். அதுவரை அக்கா என்றவர், அண்ணி என்று கூப்பிட்டுச் சாப்பிடாமல் போகக் கூடாது என்று வழிமறித்தார். சாப்பாட்டுக்கு நடுவில் கேசரி வந்தது. சிவலிங்கம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்று மணிக்கு அவரே ஸ்கூட்டரில் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மறுபடி பயம் தட்டியது, மனசு மாறிவிட்டாரோ என்று. சத்தியமங்கலம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி உறுமிக் கிளம்பும் நேரத்தில் அவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, இரண்டு கையையும் கூப்பினார்.

"அன்னிக்கு எங்க வீட்டுப் பொண்ணை உங்க வீட்டுக்குக் குடுத்திருக்கோம். இன்னிக்கு உங்க வீட்டுப் பொண்ணை எங்களுக்குக் குடுங்க."

"குடுக்கறோமுங்கண்ணா" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் வந்தது. வண்டி நகர்ந்துவிட்டது. அவருக்குக் கேட்காமல் போய்விட்டால்? தலையை வெளியே நீட்டி, மைசூர் பேருந்து நிலையமே திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு தடவை கத்தினேன்.

"குடுக்கறோமுங்கண்ணா!"