விண்வெளிப் போர் அலமாரி

பழைய புத்தகக் கடை வைத்திருப்பவர்களுக்கு இது புரியும்: பிடிக்காத புத்தகத்தை விற்பது சுலபம், உயிராக நேசிப்பதை விற்கும்போதுதான் வாங்கிக் கட்டிக்கொள்வோம். புதுச்சேரி காந்தி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் என் கடையில் விண்வெளிப் போர் நாவல்களுக்கென்றே ஓர் அலமாரி உண்டு. பாதி விற்க, பாதி நான் படிக்க.

ஒரு வரியில் ஒரு கிரகம்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் ஊர்த் தமிழர் அந்துவான்; மரியாதைக்கு 'முசே' என்போம். பட்டாளத்துக்காரராயிற்றே என்று, எனக்கு மிகப் பிடித்த நாவலை பிரெஞ்சில் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதில் தளபதி ஒரு பொத்தானை அழுத்துவார். ஒரு கிரகமே சாம்பலாகும். அடுத்த வரியில் காப்பி குடிப்பார். அந்த இடத்தில் நான் விசிலடித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் வந்தார். பாராட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"எங்க பட்டாளத்துல ஒருத்தன் செத்தா, அவன் துணிமணிய மடிச்சு வீட்டுக்கு அனுப்பக்கூட எங்களுக்குக் கை வராது, தம்பி. இவன் காப்பி குடிக்கிறான்."

கவசம்

அதே வாரம், வைத்திக்குப்பத்திலிருந்து நர்ஸ் கலைச்செல்வி வந்தாள். அட்டைப்படத்து வீரனின் உடையைக் காட்டி, இது என்ன என்றாள். கேட்டால் போதாதா எனக்கு! குண்டு துளைக்காது, தீப்பிடிக்காது, காயம்பட்டால் தானே மருந்து போடும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். புருஷனுக்கு எல்லையில் போஸ்டிங். முந்தின நாள்தான் ரயிலேற்றிவிட்டு வந்தாளாம்.

"இதுமாரி ஒண்ணு நம்ம பட்டாளத்துல குடுக்குறாங்களா, அண்ணா?"

சாக்கு மூட்டை

மறுநாளே அலமாரியைக் காலி செய்தேன். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடுவது என்று முடிவு. கடைசிச் சாக்கைக் கட்டும்போது வாசலில் முசே அந்துவான். மிச்சத்தையும் திட்டித் தீர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ சாக்கைப் பார்த்ததும் பதறிப்போய், குனிந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அந்த நாவலின் இரண்டாம் பாகம் வேண்டுமாம்!

"திட்டுனது திட்டுனதுதான். ஆனா அந்த ரேடியோக்காரன் ஒடஞ்ச கப்பல்ல தனியா மாட்டிக்கினான் பாரு, அவன் பொழச்சானா இல்லியான்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல."

விற்கவும் கூசுகிறது, படிக்காமலும் இருக்க முடியவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு வாய்த்த மோசமான வாடிக்கையாளர் நானேதான்.