மச்சான் சுரண்டாத நிரை

லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில், என் அக்கா குடியிருக்கும் காம்பராவின் பின்பக்கத் தாழ்வாரத்தில் இரண்டு சுரண்டிகள் தொங்குகின்றன. தேயிலை மலையில் புல் வெட்டப் போகிறவர்கள் கையில் இருக்குமே, குட்டைப் பிடியும் வளைந்த தட்டை இரும்புமாக, அதுதான். ஒன்று தேய்ந்து தேய்ந்து பிறை நிலா மாதிரி ஆகிவிட்டது; முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. மற்றது முழுக்கத் துரு. கொல்லன் பட்டறையிலிருந்து வந்த நாளில் இருந்த தடிப்பு இன்னும் குறையவில்லை. இரண்டுமே மச்சானுடையவை. காட்டுப்பாதை வேலைக்கு அவர் அந்தத் துருப்பிடித்ததைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். ஏன் அதை எடுத்து வந்தார் என்பது வெகு நாள் எனக்குத் தெரியாது. ஒரு கேள்வி முளைத்துவிட்டால் அதை விட்டுவிட்டுத் தூங்கத் தெரியாதவன் நான். ஹட்டனில் படித்தபோது கேள்வி கேட்டே பெஞ்சு மேல் ஏறி நின்ற நாட்கள் ஏராளம்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பூண்டுலோயா ஊருக்கு மேலே. அக்காவைக் கட்டிக் கொடுத்த தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு காடு, முதுகெலும்பு மாதிரி நீண்டு கிடக்கும். அதன் ஊடே ஒரு நடைபாதை. காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் அக்கா வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாம். அந்த வருஷம் மாசி மாத வெயில் காய்ச்சலில் யாரோ மாட்டுக்குப் புதுப்புல் வேண்டுமென்று கீழே மானாப்புல்லுக்கு நெருப்பு வைத்தார்கள். காற்று நெருப்பைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு மேலே ஏறியது. காடு எரிந்து அடங்கியபோது பாதை என்று ஒன்று இல்லை. படியாகப் பதித்திருந்த மரங்கள் கரியாகிவிட்டன. ஓடைக்கு மேல் கிடந்த பாலம் இரண்டு கரித்துண்டாக ஓடையிலேயே கிடந்தது. குறுக்கே விழுந்த மரங்களின் மேல் ஏறி இறங்க, ஆட்டுக்குட்டியாகப் பிறந்திருக்க வேண்டும்.

அக்கா அப்போது தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் பூ முடித்து அழைத்து வர அம்மா நாள் பார்த்து வைத்திருந்த சமயத்தில்தான் காடு எரிந்தது. ஏழு தவறினால் ஒன்பது. ஒன்பதும் தவறினால், அம்மா அதற்கு மேல் பேசமாட்டாள், கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ரோட்டு வழியாக அழைத்து வரலாமே என்றால், கடைத்தெருவுக்கு இறங்கி, பஸ் மாறி, மறுபடி குலுங்கிக் குலுங்கி ஏற வேண்டும். வயிற்றுப்பிள்ளைக்காரி பஸ்ஸிலே ஏறவே கூடாது என்று அக்கா தோட்டத்து மருத்துவச்சியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, பெரிய மழை இறங்குவதற்குள் பாதை திறக்க வேண்டும். இல்லையென்றால் அக்கா அங்கேதான்.

நான் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த காலம். கையும் காலும் சும்மா இருக்கவில்லை. எங்கள் வாலிபர் சங்கத்தில் எழுந்து நின்று, "பாதையை நாமளே போடுவோம்" என்று முழங்கினேன். கங்காணி மகன் முதலில் கையைத் தூக்கினான். என் சின்னம்மா மகள், கொழுந்தெடுப்பதிலும் வாயாடுவதிலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, "அண்ணே, பேச்சு மட்டுமா, மம்பட்டியும் பிடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தன் கூட்டாளிப் பெண்களையும் இழுத்து வந்தாள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மச்சான் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, கரிமரங்களைத் தாண்டிக் குதித்து வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் முழுநாள் வேலை. மற்ற நாட்களில் காலைப் பெரட்டில் பேர் கொடுத்து, மலை, கொழுந்து எல்லாம் முடிந்து வெளிச்சம் இருக்கிறவரை.

வேலையை எப்படிப் பிரிப்பது? எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. மலையில் கங்காணி ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொடுப்பாரே, அதே மாதிரி பாதையை நிரை நிரையாகப் பிரித்துக் கொடுத்தேன். ஓடைக்கு மேலே, சரிவு அதிகமான துண்டு மச்சானுக்கு விழுந்தது. நல்ல உடம்புக்காரர், இரண்டாள் வேலை செய்வார் என்பது என் கணக்கு.

விழுந்த மரங்களை அறுத்துத் தள்ளினோம், இரண்டை ஓடைக்கு மேல் பாலமாகப் போட்டோம். பிறகு தரை. சாம்பலுக்குள்ளிருந்து மானாப்புல் அதற்குள் பச்சைப் பச்சையாகத் தலைநீட்டியிருந்தது. சூரல் வேரும் பன்னமும் எட்டிப் பார்த்தன. எங்களுக்குப் புல்லைக் கண்டால் கை நிற்காது. பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டு அது: தரை சுத்தமாக இருந்தால் மலையை மேற்பார்க்க வரும் கண்டாக்கையா வாய் திறக்கமாட்டார், ஒரு புல் நின்றால் அன்றைக்குப் பேரில்லை, சம்பளமும் இல்லை. கங்காணி மகன் முன்னால் நின்று, "வேரோட எடுங்கப்பா, வேரோட! தரை கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்று சத்தம் போட்டான். சுரண்டிகள் கரகரவென்று பாடின. செம்மண் பாதை நாடா விரித்த மாதிரி மலையில் ஏறியது. பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மச்சான் நிரையில் மட்டும் பாட்டே கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் அவர் பாதி எரிந்த மரத்தில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். கால் வைக்க ஓர் அகலத்துக்குப் புல்லை மேலாக அரிந்திருந்தார், அவ்வளவுதான். எரிந்த கட்டைகளைத் தூக்கிப்போடச் சோம்பல்பட்டு, பாதைக்குக் குறுக்கே கிடந்தபடியே காலால் தள்ளி மட்டப்படுத்தியிருந்தார்.

"என்னங்க மச்சான் இது?"

"சுரண்டிக்குக் கூர் இல்ல மாப்ள. நான் என்ன பண்ண?"

சின்னம்மா மகள் மேலேயிருந்து கத்தினாள்: "கூர் சுரண்டிக்கு இல்லையா, ஆளுக்கு இல்லையா?"

"ஒனக்குத்தான் நாக்கில இருக்கே, கொஞ்சம் கடன் குடு" என்றார் மச்சான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்காக இந்தப் பாதை? அவர் பெண்டாட்டிக்காக. ஊரான் வீட்டுப் பிள்ளைகள் முதுகு ஒடிய வேலை செய்கிறார்கள், இவர் பீடி குடிக்கிறார். மரியாதைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் இடியோடு மழை. பெரிய மழை இல்லை, அதன் சின்னத் தம்பி. மறுநாள் போய்ப் பார்த்தோம். கண்ணாடி மாதிரி இருந்த தரை கண்ணாடி மாதிரியே உடைந்து கிடந்தது. கங்காணி மகனின் நிரையில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் அறுத்திருந்தது. என் நிரை இருந்த இடத்தில் சரிவு மட்டும் இருந்தது; பாதை கீழே ஓடைக்குப் போய்விட்டது.   வழுக்கி வழுக்கி ஓடைக்கு மேலே ஏறினோம். அங்கே மச்சான் நிரை, வைத்தது வைத்தபடி. கரிக்கட்டைகளுக்குப் பின்னால் மண் வந்து தங்கி, முன்னைவிட நல்ல படியாகியிருந்தது. மானாப்புல் மழையில் குளித்து நின்றது.

"சோம்பேறிக்குத்தான் சாமி துணை" என்றான் கங்காணி மகன், அழுகிற குரலில்.

எனக்கு அழுகை போய்விட்டது. ஏன் என்று தெரிந்தாக வேண்டுமே! ஒரு மானாக் குத்தைப் பிடித்து இழுத்தேன்; வரவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தபோது தலைமுடி மாதிரி வேரும், வேர் நிறைய மண்ணுமாக வந்தது. மேலே ஒரு சாண் கருகியிருந்தாலும் கீழே உயிர். ஒரு தகரவாளியில் ஓடைத்தண்ணி மொண்டு வந்து, சுரண்டின தரையில் ஊற்றினேன், சிவப்பாக ஓடியது. மச்சான் நிரையில் ஊற்றினேன். தயங்கித் தயங்கி, கிட்டத்தட்டத் தெளிவாகவே இறங்கியது. மறுபடி ஊற்றினேன். மறுபடி. "அண்ணனுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்றாள் சின்னம்மா மகள். அப்புறம் அவளே வாளியைப் பிடுங்கி ஊற்றிப் பார்த்தாள். தேயிலைச் செடியின் வேர் மலையைப் பிடித்துக்கொள்கிறது, சுரண்டுகிற துணிச்சல் எங்களுக்கு அதனால் வந்தது. இங்கே தேயிலை ஏது? தீ விட்டுவைத்த பிடி அந்தப் புல் ஒன்றுதான். அதை நாங்கள் கை வலிக்க வலிக்கப் பிடுங்கி எறிந்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுரண்டிகளை லயத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். பள்ளத்தில் மண் நிரப்பி, கரிக்கட்டைகளைக் குறுக்கே பதித்து, பக்கத்திலிருந்து மானாக் குத்துகளைப் பெயர்த்து ஓரத்தில் நட்டோம். தண்ணீர் இறங்கச் சாய்வாகக் கான் வெட்டினோம். கான் வெட்டுவதில் எங்கள் ஆட்களை அசைக்க முடியாது. பாதை அசிங்கமாக இருந்தது. புல்லும் கட்டையுமாக, கண்டாக்கையா பார்த்தால் மயங்கி விழுவார். மச்சான் அந்த நாட்களில் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. அவருடைய நிரையைக் காட்டி எல்லாரும் வேலை பழகியபோது, அவர் முகம் வாடியதைப் பார்த்தேன், ஏன் என்று புரியவில்லை. பார்த்ததை ஒரு பக்கம் முடிந்து வைத்துக்கொண்டேன்.

வைகாசியில் அக்கா நடந்து வந்தாள். முன்னால் நான், நடுவில் தலை நிறையப் பூவோடு அவள், பின்னால் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மச்சான். வழி நெடுக அக்காதான் பேசினாள். "தம்பி, இது யாரு நிரை? இது யாரு?" ஓடைக்கு மேலே வந்ததும், "இது உங்க வீட்டுக்காரரு சோம்பேறித்தனம்" என்றேன். அவள் நின்று, திரும்பி, மச்சானைப் பார்த்துச் சிரித்தாள். அவர் பெட்டியைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் வாசலில் அக்காவை விட்டுவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பினார்.

ஆனியில் மழை விடாமல் அடித்த ஒரு காலையில் அக்காவுக்கு வலி எடுத்தது. வலி வந்து வந்து நின்றது. எங்கள் தோட்டத்தில் அப்போது மருத்துவச்சி கிடையாது. நான் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு காட்டுப்பாதையில் ஓடினேன். பாதை அத்தனை மழைக்கும் அப்படியே நின்றது. அப்போதுகூட அதைக் கவனிக்காமல் ஓட என்னால் முடியவில்லை. நடுக்காட்டில், ஓடைக்கு மேலே, எதிரே இரண்டு பேர். முன்னால் மச்சான், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, மருத்துவச்சியம்மா.

"மச்சான், யாரு சொல்லி விட்டா?"

"யாரும் சொல்லல. மனசு கேக்கல, கூட்டியாந்துட்டேன்."

மத்தியானம் பெண் பிறந்தாள். கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று மருத்துவச்சியம்மா சொல்ல ஆரம்பித்தார். அம்மா அவர் வாயைக் கையால் மூடிவிட்டாள்.

அந்தப் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போனவன், இரண்டு சுரண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதைக் கண்டேன். நல்ல சுரண்டி கையில் இருக்கும்போது துருப்பிடித்ததை ஏன் எடுத்து வந்தார்? முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கேட்டே விட்டேன். "புல்லு மண்ணைப் பிடிக்கும்னு ஒங்களுக்கு அப்பவே தெரியுமா மச்சான்?"

அவர் பீடிச் சாம்பலைத் தட்டினார். "எனக்கு என்ன எழவு தெரியும்? மருத்துவச்சி இருக்கிறது இங்க. அத்தை கூப்பிடுறாங்க அங்க. மாமியா மொகத்தப் பாத்து அனுப்ப மாட்டேன்னு சொல்ல முடியுமா? பாதை முடியாமப் போனா இவ இங்கயே இருந்திருவான்னு நெனச்சேன். கூர் இல்லாத சுரண்டியாப் பாத்து எடுத்தேன், மாப்ள."

உள்ளேயிருந்து அக்கா, "அந்தச் சுரண்டியை இரும்புக்காரன் வந்தாப் போடுங்கன்னு எத்தனை தரம் சொல்றது, கேக்குறாரா?" என்றாள்.

 மகள் எட்டி எட்டிக் குதித்து அந்தத் துருச் சுரண்டியைத் தொடப் பார்த்தாள். மச்சான் எழுந்து அதை எடுத்து, இன்னும் கொஞ்சம் உயரத்தில், மழைச்சாரல் படாத ஆணியில் மாட்டினார்.