தானாகப் பிடிக்காத டவர்

அந்தப் போன் என் மேசைக்கு வந்த நாளிலேயே ஆபீசில் எனக்கு ஒரு எதிரி முளைத்துவிட்டார். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. துறைமுகத்துக்கு வரும் சரக்குக்குச் சுங்க வேலை முடித்துக்கொடுக்கும் சின்ன ஆபீஸ் ஒன்றில், ராயபுரத்தில், நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தான் வைத்து அலுத்துப்போன ஸ்மார்ட்போனை, குச்சியால் திரையைத் தொடுகிற அந்தக் காலத்து மாடலை, என்னிடம் நீட்டினார்.

"இனிமே வாரத்துல ரெண்டு நாளு யார்டுக்கு நீ போம்மா. கண்டெய்னர் சீல் ஒடைக்கதுக்கு முன்னாடி ஒரு படம், ஒடைச்ச பெறவு ஒரு படம். அங்கயிருந்தே அனுப்பிரு. நான் கூப்ட்டா ஒடனே எடுக்கணும், கேட்டியா?"

கண்டெய்னர்களை இறக்கி அடுக்கும் அந்த யார்டு எண்ணூரைத் தாண்டி, அத்திப்பட்டுக்கும் அப்பால் இருந்தது. இருபது வருடமாக அங்கே போய்வந்தவர் ஆபீசின் மூத்த ஆள். ஐம்பது வயதுக்கு மேல். அவரை உட்காரவைத்து ஃபைல் பார்க்கச் சொல்லிவிட்டு என்னை அனுப்பினார்கள். அவர் தன் எரிச்சலை மறைக்கவே இல்லை. என் காதில் விழும்படியே சொல்வார்:

"போட்டோ புடிச்சா யார்டு வேலையா? வெயில்ல நின்னு செத்தவன் நானு. இப்போ ஒரு பொம்பளயாண்ட யார்ட குட்த்துட்டு என்னிய ஃபைல் தூக்கச் சொல்றாங்கோ."

நானும் சளைக்கவில்லை. "ஒங்களுக்குப் போன் ஆன் பண்ணத் தெரிஞ்சா நீங்களே போங்கண்ணே" என்பேன். அவர் முகம் சுருங்கும். எனக்கு அதில் திருப்தி இருந்தது.

வீடு விம்கோ நகரில். கணவர், நான், இரண்டாவது படிக்கும் மகள். கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வந்த வேலைகள் எதுவும் அவருக்குத் தகுதியாகப் படவில்லை. திருவொற்றியூரில் நண்பர் ஒருவரின் செல்போன் ரிப்பேர் கடையில் காலை பத்து மணிக்குப் போய் உட்காருவார். பொழுது போகும், கையும் பழகும் என்றார். சம்பளம் கிடையாது. என் போனை வாங்கிப் பார்த்து, "நல்ல செட்டுதான். ஒங்க மொதலாளிக்கு உன் மேல ரொம்பப் பாசம் போல" என்றார். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

முதல் தகராறு மூன்றாவது வாரத்தில் வந்தது. யார்டில் ஒரு கண்டெய்னரைத் திறந்து படம் எடுத்து அனுப்பப் பார்த்தால் போகவில்லை. டவர் கோடு ஒன்றுகூட இல்லை. போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அனல்மின் நிலையத்துச் சாம்பல் தலையில் விழ, யார்டு முழுக்க நடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்ததும் முதலாளி மேசையைத் தட்டினார்.

"எங்கம்மா போயிருந்த? சரக்குக்காரப் பார்ட்டி என்னய பிடிச்சு ஏசுதான். கூப்ட்டா அடிக்கவே மாட்டேங்கு!"

"டவர் இல்ல சார்."

"போன வாரம் இருந்துச்சுல்லா? இந்த வாரம் டவர புடுங்கிட்டு போய்ட்டானா?"

பின்னால் அந்த மூத்தவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "யார்டுக்குப் போனாங்களா, வேற எங்கனா போனாங்களான்னு யாருக்குத் தெரியும்."

அடுத்த இரண்டு வாரத்தில் மூன்று முறை இதே கதை. ஆபீசில் போன் ஒழுங்காக அடிக்கும். வீட்டில் அடிக்கும். யார்டில் மட்டும் பிணம் மாதிரிக் கிடக்கும். நான் யார்டு என்று சொல்லி வேறெங்கோ போகிறேன் என்ற பேச்சு ஆபீசில் சுற்ற ஆரம்பித்தது. டீ கொண்டுவருபவர்கூட ஒரு மாதிரி பார்த்தார்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. பத்தரை மணிக்குப் பள்ளிக்கூடப் படிக்கட்டில் மகள் விழுந்து வலது கை ஒடிந்தது. பள்ளியில் என் எண்ணும் என் ஆபீஸ் எண்ணும் மட்டும்தான் இருந்தன. தன் எண்ணைக் கொடுக்க என் கணவருக்கு மனசில்லை, அப்பன் சும்மா இருக்கிறான் என்று தெரிந்துவிடுமாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். போகவில்லை. பிறகு ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஆபீசிலிருந்து எனக்கு. போகவில்லை. கடைசியில் அந்த டீச்சரே ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். யார்டு வேலை முடித்துத் திரும்பும் வழியில் டவர் கிடைத்த பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. நான் அங்கே போய்ச் சேரும்போது மணி மூன்று. குழந்தை அழுகையை நிறுத்தி எவ்வளவோ நேரமாகியிருந்தது. என்னைப் பார்த்து, "எத்தினி வாட்டி கூப்ட்டாங்க, நீ ஏம்மா எடுக்கல?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் சிம் கம்பெனியின் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் போனை வாங்கி ஏழெட்டுத் தடவை தட்டினாள்.

"மேடம், நெட்வொர்க் செலக்‌ஷன் மேனுவல்ல இருக்கு. நீங்க மாத்துனீங்களா?"

"அப்படின்னா என்னன்னே எனக்குத் தெரியாதும்மா."

அவள் பொறுமையாகச் சொன்னாள். ஆட்டோமேட்டிக்கில் இருந்தால் எந்த டவர் கிடைக்கிறதோ அதைப் போன் தானாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் கம்பெனிக்கு அத்திப்பட்டுக்கு அந்தப் பக்கம் டவர் இல்லை. வேறு கம்பெனியின் டவரைத்தான் அது அங்கே பிடித்திருக்க வேண்டும். மேனுவலில் போட்டு ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் தொடாது. ஊருக்குள் வித்தியாசமே தெரியாது. ஆட்டோமேட்டிக்கில் மாற்றிக் கொடுத்து, எங்கே போய்ப் பார்ப்பது என்றும் காட்டினாள்.

"தானா மாறாது மேடம். யாரோ உள்ள போயி மாத்தணும்."

யாரோ. எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. ஆபீசில் சார்ஜ் போடும் பிளக் அந்த மூத்தவரின் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் இரண்டு மணி நேரம் போன் அவர் முழங்கைக்கு அருகில் கிடக்கும்.

நேராக ஆபீசுக்குப் போனேன். லாரி டிரைவர்கள் நாலைந்து பேர் பேப்பருக்காகக் காத்திருந்தார்கள். முதலாளியும் இருந்தார். நான் உட்காரக்கூட இல்லை.

"எம் போன இன்னாய்யா பண்ண?"

அவர் நிமிர்ந்தார். "இன்னாம்மா?"

"யார்டு போச்சேன்னு வயித்தெரிச்சல் இருந்தா என்னாண்ட காட்டு. எம் பொண்ணு கை ஒடிஞ்சி நாலு மணி நேரம் அம்மா அம்மான்னு கெடந்துச்சே, அது உன்னாலதான்யா! கலீஜ் புத்தி! திருட்டுத்தனமா போன எடுத்து நோண்டிகினு..."

"நான் தொட்டதே இல்ல தாயி" என்றார். தாயி என்று அவர் என்னை அழைத்தது அதுதான் முதல் முறை. "அத்த எப்டி தொறக்கறதுன்னே எனுக்குத் தெரியாது."

"நடிக்காத!"

டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி என் பக்கம் நின்றார். குழந்தை கை ஒடிந்த விஷயம் அவரையும் உலுக்கியிருந்தது. "நீரு ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் வராதேயும்" என்றார். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு நன்றாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே இருந்தது.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகளின் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் எடுத்து வைத்துக்கொண்டே, "அந்த ஆள செருப்பால அடிச்சிருக்கணும்" என்றார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி யார்டு. அதற்கு முந்தின நாள் ஆபீஸ் முடியும்வரை போனைக் கைப்பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. ஆபீசை விட்டுக் கிளம்பும்போது அந்தக் கடைப்பெண் சொல்லிக்கொடுத்தபடி உள்ளே போய்ப் பார்த்தேன். ஆட்டோமேட்டிக். நிம்மதியாக ரயில் ஏறினேன். மறுநாள் காலை வீட்டிலிருந்தே நேராக அத்திப்பட்டுக்குப் போனேன். முதல் கண்டெய்னர் முன்னால் நின்று போனை எடுத்தேன். டவர் இல்லை.

உள்ளே போய்ப் பார்த்தேன். மேனுவல்.

சீல் வெட்ட வந்த ஆள் "ஆரம்பிக்கலாமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் காதில் விழவில்லை. ஆபீஸ்காரர் யாரும் தொடவில்லை. அந்த மனிதர் ஆபீசிலேயே இல்லை. நேற்று மாலைக்கும் இன்று காலைக்கும் நடுவில் இந்தப் போன் இருந்த இடம் ஒன்றே ஒன்று.

வேலையை அரைகுறையாக முடித்துவிட்டு ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். கணவர் தரையில் உட்கார்ந்து நான் காலையில் வைத்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"போன மேனுவல்ல போட்டது நீதானே?"

"இன்னா போனு?"

"டபாய்க்காத. நேத்து சாய்ங்காலம் ஒயுங்கா இருந்துச்சி. வூட்டாண்ட இருந்து நேரா யார்டுக்குப் போறேன். நடுவுல யாரு மாத்துனா? கை ஒடிஞ்ச கொயந்தயா மாத்துச்சி?"

சோற்றைப் பிசைவதை அவர் நிறுத்தவில்லை. "ஆமா. நாந்தான் போட்டேன். இன்னான்ற இப்போ?"

"எத்தினி நாளா?"

"மூணு வாரமா. ஒரு வாட்டி போட்டா அப்டியேதான் கெடக்கும். கடையில மாத்துனதால இன்னிக்கி மறுபடியும் போட்டேன். நீ தண்ணி புடிக்கப் போவ சொல்ல."

"ஏன்?"

"ஒங்க மொதலாளி ஒரு நாளிக்கி எத்தினி வாட்டி கூப்புடுறான் உன்னிய? மணி அட்ச்சா ஓடிப்போயி எடுக்குற. நான் கூப்ட்டா அப்பறம் பேசறேன்ற. நாலு வாட்டி கெடைக்கலன்னா அவனே வோணாம்னு வுட்டுடுவான்னு பாத்தேன்."

"வேலய வுட்டுத் தூக்கிடுவான்னு பாத்தியா?"

அவர் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

"அன்னிக்கி ஸ்கூல்லேந்து கூப்ட்டுகினே இருந்தாங்கய்யா. ஒம் பொண்ணுய்யா அது!"

"அவ படியில வுயுவான்னு எனுக்கு ஜோசியமா தெரியும்? நானா தள்ளிவுட்டேன்?"

"சரி, தெரியாது. கை ஒடிஞ்ச பொறவுதான் தெரிஞ்சிதே. அப்பறமும் இன்னிக்கி காலையில போட்டியே. இன்னிக்கி ஏன் போட்ட?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கை கழுவினார். குழாயை வெகு நேரம் திறந்துவைத்திருந்தார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. படிக்கட்டைப் பற்றி அவர் சொன்னதைக்கூட ஒரு கோபக்கார முட்டாளின் பேச்சு என்று தள்ளிவிடலாம். கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்த குழந்தையைத் தாண்டிப் போய், என் பையைத் திறந்து, பொறுமையாக ஒவ்வொரு படியாக உள்ளே போய் மறுபடி மாற்றினாரே, அதை எங்கே தள்ளுவது?

இனி எழுதப்போவது என்னைப் பற்றியது. எழுத அசிங்கமாக இருக்கிறது. அந்த உண்மையை நான் ஆபீசில் இரண்டு நாள் சொல்லவில்லை. புருஷன்தான் செய்தான் என்று அந்த டிரைவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்றிருந்தது. அந்த மூத்தவர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தே, என் மானத்துக்காக இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் முதலாளியிடம் சொன்னேன். "பாவம்மா அந்த மனுசன்" என்று மட்டும் சொல்லி, ஆளனுப்பி அவரை வரவழைத்தார்.

எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். மூத்தவர் நின்றபடியே கேட்டார்.

"என்னிய திருடன்னு சொன்னப்ப டிரைவருங்கோ இருந்தாங்கோ. துறைமுகம் பூரா போயி சொல்லிட்டாங்கோ. இப்போ அவங்கோ இல்ல. இத்த யாரு போயி சொல்றது? நீ சொல்றியா?"

"சொல்றேண்ணே."

"வோணாம். நீ எத்தயும் சொல்லாத. என்னாண்ட பேசாம இருந்தா போதும்."

அப்படியே இருந்தார். அவர் வேலையை விட்டுப் போகும்வரை மூன்று வருடம், ஒரே அறையில், ஒரு வார்த்தை என்னோடு பேசவில்லை. ஃபைல் வேண்டுமென்றால் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு பிடிவாதமா என்று. அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன உரிமை இருந்தது என்று தெரியவில்லை.

ஒரு மாதத்துக்குள் மகளை அழைத்துக்கொண்டு வியாசர்பாடியில் அம்மா இருந்த ஹவுசிங் போர்டு வீட்டுக்குப் போய்விட்டேன். என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கீழே நின்று, நான்கு மாடிக்கும் கேட்கும்படி கத்தினார். வேலைக்குப் போகும் திமிர் என்றார். என்னையும் முதலாளியையும் சேர்த்து அசிங்கமாகப் பேசினார். அம்மா ஜன்னலைச் சாத்தப் போனாள். நான் சாத்தவிடவில்லை. முழுக்கக் கேட்கட்டும், இந்த ஆள் யார் என்று எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். தொண்டை கட்டியதும் போய்விட்டார்.

மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அவளிடம் முழுக்கச் சொன்னேன். அவள் அப்பாவைப் பார்க்கப் போவதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. அந்த வாரமே போய் அவரிடம் கேட்டிருக்கிறாள்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நீ சொல்றது பொய்யாம். அப்டி ஒண்ணு நடக்கவே இல்லியாம்."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. டீ போட்டுக் குடுத்தாரு, குட்ச்சிட்டு வந்துட்டேன்."

அவள் துணி மாற்ற உள்ளே போனாள். நான் அடுப்படியில் நின்றேன். இத்தனை வருடத்தில் தணிந்துவிட்டது என்று நினைத்திருந்த கோபம், போனைப் பற்றி நான் கேட்ட அந்தப் பழைய மத்தியானத்தில் அந்த ஆள் கை கழுவ எழுந்து போனபோது இருந்த அதே சூட்டோடு மேலே வந்தது. அதை நான் அடக்கப் பார்க்கவில்லை.