நொச்சிக்குளத்துச் சுவர்ப் பேச்சு

மூக்கையா இருபது வருடம் சுகாதாரத் துறையில் எலி பிடித்தவர். பிளேக் மறுபடி தலைகாட்டிவிடக் கூடாதென்று திண்டுக்கல்லின் தானியக் கிட்டங்கிகளில் பொறி வைப்பார். சிக்கிய எலிகளின் மேலிருந்து தெள்ளுப்பூச்சிகளைச் சீவி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். 1956-ல் நோய் அடங்கிவிட்டதென்று அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். வேலையில்லாமல் இருந்தவரைப் பொறி வைக்க ஆள் வேண்டுமென்று தேடி வந்தார் அன்னாள் டீச்சர்.

அன்னாள் தாடிக்கொம்புப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மதராஸில் விலங்கியல் படித்து, ஊர் திரும்பிக் கல்லூரியில் பாடம் நடத்தினார். விடுமுறையில் வயற்காட்டு எலிகளையும் மூஞ்சூறுகளையும் பிடித்து, தோலுரித்துப் பஞ்சடைத்து, மண்டையோட்டைத் தனியே சுத்தம் செய்து பெட்டியில் அடுக்குவார். மிஞ்சும் சதையை மூக்கையா டீச்சர் வீட்டுக் கொல்லையில் புதைப்பார். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. முன்பெல்லாம் எலியைக் கொன்றால் எரிப்பதோடு சரி. இங்கே வாலைக்கூட அளந்து எழுதினார்கள்.

செம்பட்டிக்குத் தெற்கே நொச்சிக்குளம் என்றொரு பாழூர் இருந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் பிளேக்கில் பாதிப் பேர் செத்து, மீதிப் பேர் விட்டுவிட்டுப் போன ஊர். கூரை போய், மண்சுவர்கள் மட்டும் நின்றன. செத்தவர்கள் இன்னும் வீட்டுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சுற்றுவட்டாரத்தில் ஆடு மேய்ப்பவர்கள்கூட அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

மூக்கையா 1958 தை மாதம் அங்கே பொறி வைத்தார். மறுநாள் பார்க்கப் போனபோது உச்சி வெயில். காற்றே இல்லை. ஒரு வீட்டு வாசலைத் தாண்டியதும் அவர் கால் நின்றுவிட்டது. உள்ளே பேச்சுச் சத்தம். தூங்கும் பிள்ளை விழித்துவிடாமல் நாலைந்து பேர் தணிந்த குரலில் பேசிக்கொள்வது போல. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் ஒருவர் பேசி நிறுத்த, இன்னொருவர் பதில் சொல்வது தெளிவாகக் கேட்டது. "யாரு உள்ள?" என்றார். பேச்சு சட்டென்று நின்றது.

உள்ளே யாருமில்லை. மூலைப் பொறியில் கட்டைவிரல் பருமனில் ஒரு மூஞ்சூறு உயிரோடு உட்கார்ந்திருந்தது. மூஞ்சூறுக்கே உரிய நாற்றம் அதனிடம் துளியும் இல்லை.

மூக்கையா கொண்டுவந்து கொடுத்ததை அன்னாள் தகர டப்பாவில் விட்டுத் துணியால் மூடினார். சற்று நேரத்தில் டப்பாவுக்குள் அதே முணுமுணுப்பு கேட்டது. டீச்சரும் மூக்கையாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாலைக்குள் அது செத்துப்போனது. வாயைத் திறந்து பார்த்த அன்னாள் விளக்கைக் கிட்டே இழுத்தார். பல் நுனியெல்லாம் வெற்றிலை போட்டது போல் சிவந்திருந்தது.

"இந்தச் சிவப்புப் பல்லு இமயமலைப் பக்கத்து மூஞ்சூறுக்குத்தான் உண்டுண்ணே. நம்ம சமவெளியில யாரும் பாத்ததா எழுதல. இது புது இனம்."

"அப்பப் பத்திரிகைக்கு எழுதிர வேண்டியதுதானேம்மா."

"ஒண்ணை வச்சு எழுதுனா, ஏதோ கோளாறாப் பொறந்ததும்பாக. அஞ்சாச்சும் வேணும்."

மாசி முடிவதற்குள் மூக்கையா இன்னும் நான்கு பிடித்தார். ஒவ்வொன்று பிடிபடும்போதும் சுவருக்குள் ஒரு குரல் குறைவதை அவர் கவனிக்காமல் இல்லை. மூன்றாவதைப் பிடித்தபின் இரண்டு பேர்தான் பேசினார்கள். அப்புறம் ஒருவர் மட்டும். ஐந்தாவதை எடுத்த அன்று நொச்சிக்குளம் மொத்தமாக அடங்கிவிட்டது.

அன்றைக்கு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். பேர் மாயக்காள், சேவுகம்பட்டியில் பூக்கட்டிப் பிழைப்பவள். அந்த வீட்டில்தான் அவள் தாய் பிளேக்கில் இறந்தாளாம். செவ்வாய்க்கிழமைதோறும் வந்து சுவரில் காதை வைத்துவிட்டுப் போவாளாம்.

"தம்பி, உள்ள இருந்தவுக எங்க போனாக?"

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அது மூஞ்சூறுக்கா. நாந்தான் பிடிச்சேன்" என்றார்.

"காட்டுங்க."

மறுநாள் டீச்சர் வீட்டுக்கு அழைத்துப் போனார். அன்னாள் தயங்கித் தயங்கிப் பெட்டியைத் திறந்தார். பஞ்சடைத்த ஐந்து உடல்கள், கால்களில் சீட்டோடு வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் சிவந்த பல்லோடு ஐந்து மண்டையோடுகள். மாயக்காள் குனிந்து ஒவ்வொன்றிடமும் காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு மண்டையோடுகளைப் பார்த்தாள்.

"எங்காத்தா ஓயாம வெத்தலை போடும்" என்றாள். "இதுல எதும்மா எங்காத்தா?"

அன்னாளுக்குப் பெட்டியை மூடக் கை வரவில்லை. மூக்கையா மாயக்காளைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் சதையைப் புதைத்த இடத்தைக் காட்டினார். அவள் ஒரு பிடி மண்ணள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள்.

கட்டுரை 1961-ல் அச்சானது. புது இனத்துக்கு மூக்கையாவின் பேரையே வைக்கிறேன் என்று அன்னாள் முன்பே சொல்லியிருந்தார். "என் பேரு வேணாம்மா. அவுக ஊருப் பேரையே வையிங்க" என்று அவர் மறுத்துவிட்டார். டீச்சரும் அப்படியே செய்தார். குரலைப் பற்றி அன்னாள் எழுதியது ஒரே வரிதான்: தணிந்த முணுமுணுப்பு, மனிதப் பேச்சை ஒத்தது.

அச்சான சேதியை மாயக்காளிடம் சொல்லவேண்டுமென்று மூக்கையாவுக்குத் தோன்றியது. ஒரு செவ்வாய்க்கிழமை நொச்சிக்குளம் போனார். அவள் சுவரோரம் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சிரிப்பு. அவரும் சுவரில் காதை வைத்தார். மண் குளிர்ந்திருந்தது. வேறொன்றுமில்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா."

"உங்களுக்கு எப்படிக் கேக்கும்? உங்க நடைச் சத்தம் கேட்டாலே எல்லாரும் வாயை மூடிக்கிறாகளே."

அவர் எழுந்து நடந்தார். வண்டிப்பாதை வந்ததும் திரும்பிப் பார்த்தார். மாயக்காள் சுவரைப் பார்த்துத் தலையசைத்து, கையை விரித்து, எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். நடுநடுவே நிறுத்தினாள், எதிராளி பேசி முடிக்கக் காத்திருப்பவள் போல.

அதன்பின் மூக்கையா பொறியைத் தொடவில்லை. பூட்டுப் பட்டறை ஒன்றில் காவலுக்குச் சேர்ந்துவிட்டார். அன்னாள் வேறு ஆட்களை வைத்து ஒன்பது வருடம் தேடினார். ஆறாவது ஒன்று கிடைக்கவே இல்லை.