ஏழாம் நம்பர் பெற்ற பிள்ளை

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் வரிசையாக ஒன்பது இருக்கைகள். ஏழாவது இருக்கையில் பத்தொன்பது வருஷமாக ஒரே ஆள்தான். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ஏழாம் நம்பர் என்றாகிவிட்டது. தண்ணீர் வரவில்லை, வந்தால் கலங்கலாக வருகிறது, மீட்டர் மட்டும் ஓடுகிறது என்று ஊர் மொத்தமும் காலை எட்டு மணிக்கே அவள் காதில் கொட்டும். எவ்வளவு திட்டினாலும் அவள் குரல் ஏறாது. திட்டி ஓயும்வரை விட்டுவிட்டு, "சரிங்க, இப்ப வீட்டு நம்பர் சொல்லுங்க" என்பாள். புகாரைப் பதிந்துகொண்டால் உடும்புப்பிடி. குழாயில் தண்ணீர் வரும்வரை பொறியாளர்களைத் தூங்கவிட மாட்டாள். "வால்வை மூடிடலாம், ஏழாம் நம்பர் வாயை மூட முடியாது" என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

கணவர் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுப்பவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு நிறையப் பேசியதாகக் கணக்கு. இவர்களுக்கு ஒரே பிள்ளை. பிறந்தபோது பெண் என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்கள், பெண் பெயர்தான் வைத்தார்கள். ஆனால் துறுதுறுவென்று எதையாவது உருட்டிக்கொண்டே இருந்ததால் வீட்டில் 'வாண்டு'தான் நிலைத்தது. நல்லவேளை, வாண்டுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது.

அந்த வாண்டு பதினான்கு வயதில் அடங்கிப்போனது. புகைப்படம் எடுத்தால் எழுந்து போய்விடும். வெயில் கொளுத்தினாலும் தொளதொளவென்று முழுக்கைச் சட்டை. வயசுக் கோளாறு என்று ஏழாம் நம்பர் நினைத்தாள். ஊருக்கெல்லாம் காது கொடுக்கிறவள் வீட்டுக்குக் கொடுக்கவில்லை என்று பின்னால் அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

பதினைந்து முடிந்த ஒரு விடுமுறையில், செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஏழாவது இருக்கைக்கு ஓர் அழைப்பு வந்தது.

"வணக்கம், குடிநீர்ப் புகார்ப் பிரிவு. சொல்லுங்க."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு, "ஒரு புகார் சொல்லணும்."

பெற்றவளுக்குக் குரல் தெரியாதா? "வாண்டு? என்னடி ஆச்சு? அடுப்பு ஏதாவது..."

"ஒண்ணும் ஆகலைம்மா. பதினோரு தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும் வேற யாரோ எடுத்தாங்க, வச்சுட்டேன். வீட்டுல நான் ஆரம்பிச்சா நீ பாதியிலேயே பேச ஆரம்பிச்சுடுவே. அங்க உட்கார்ந்திருந்தா முழுசாக் கேப்பே."

வாண்டு சொன்னான். தான் பெண் இல்லை என்று சொன்னான். கண்ணாடியில் தெரிவது யாரோ மாதிரி இருக்கிறது என்றான். பெண் பெயரில் கூப்பிடும்போதெல்லாம் வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரிப்பது மாதிரி இருக்கிறது என்றான். "நான் பையன்மா. எனக்கு அது நல்லாத் தெரியும். வேற யாருக்கும்தான் தெரியாது."

பழக்கதோஷத்தில் அவள் கை தேதியும் நேரமும் எழுதிவிட்டிருந்தது. பெயர் என்கிற கட்டத்தில் பேனா நின்றது. ஆறாம் நம்பரும் எட்டாம் நம்பரும் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தப் புகாருக்கும் கேட்கிற கேள்விதான் வாயில் வந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"நினைவு தெரிஞ்சதுலேருந்து."

"சாப்டியா?"

"இல்ல."

"நான் வரேன். சேர்ந்து சாப்பிடலாம்."

பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக வேலை நேரத்தில் காதில் மாட்டும் தலைக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். பேருந்தில் அழவில்லை. பயந்தாள். பிள்ளையைப் பார்த்து இல்லை. இதற்கு யாரிடம் போவது, எந்தக் கதவைத் தட்டுவது என்று ஒன்றும் தெரியாத பயம்.

அந்தப் பயத்தில்தான் முதலில் தப்பான கதவைத் தட்டினாள். பெரிய பெயர்ப்பலகை மாட்டிய மனநல ஆலோசகர் ஒருவர், குளிர்சாதன அறை, சுவரெல்லாம் சான்றிதழ். ஐந்தே நிமிடத்தில், "கவலைப்படாதீங்க, மூணு மாசத்துல பழைய பொண்ணைத் திருப்பித் தரேன்" என்றார். வளையல் போடச் சொன்னார், செல்போனைப் பிடுங்கச் சொன்னார். மூன்று வாரம் கூட்டிக்கொண்டு போனாள். மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்ததும் வாண்டு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "என்னை நானா இருக்கவிடாம பண்றதுக்கு அங்க ஒரு ஆள் வச்சிருக்கே. நான் உன்கிட்ட சொன்னதே தப்பும்மா."

அந்தச் சொல் அவளைச் சுட்ட மாதிரி வேறு எதுவும் சுட்டதில்லை. உதவி கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "தப்பு உன்மேல இல்ல. நான்தான் விசாரிக்காமப் போனேன். இனிமே அங்க போக வேண்டாம். சரியான ஆளைக் கண்டுபிடிக்கிறது என் பொறுப்பு."

பக்கத்தில் நின்ற கணவர் தட்டை எடுத்து மறுபடி பிள்ளை முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினாள். முதல் பக்கத்தில் மூன்று கேள்விகள். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்த அனுபவம் உண்டா? மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்வீர்களா? பிள்ளையிடம் தனியாகப் பேசுவீர்களா? சாப்பாட்டு இடைவேளையில் அலுவலக மாடிப்படித் திருப்பத்தில் நின்று, சொந்தப் போனில் ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டாள். 'சிரித்தார்கள்.' 'வைத்துவிட்டார்கள்.' 'கடவுளை வேண்டச் சொன்னார்கள்.' 'பதினெட்டு ஆனபிறகு வரச் சொன்னார்கள். அதுவரை என்ன செய்வது என்றதற்குப் பதில் இல்லை.' முப்பத்தோரு பேர் இப்படி நோட்டில் ஏறினார்கள். முப்பத்திரண்டாவது இடத்தில், கொட்டாவி விட்டபடியே பேசிய ஒரு பெண், "எங்ககிட்ட இல்லைங்க, ஆனா எங்க டாக்டர் அனுப்புற இடம் ஒண்ணு இருக்கு, எழுதிக்கோங்க" என்றாள். ரயிலில் மூன்று மணி நேரம். காத்திருப்போர் பட்டியல் நான்கு மாதம்.

நான்கு மாதமாவது! பத்தொன்பது வருஷம் மற்றவர்கள் தன்னிடம் என்ன செய்தார்களோ அதையே அவளும் செய்தாள். திங்கள்தோறும் காலை ஒன்பது ஐந்துக்குக் கூப்பிட்டு, "யாராவது வரலைன்னு சொல்லியிருக்காங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள். ஆறாவது திங்களன்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு. "சனிக்கிழமை பதினோரு மணி. வந்துடுங்கம்மா. அடுத்த வாரம் நீங்க கூப்பிடலைன்னா எங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும்."

உளவியலாளர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த பெண்மணி. அம்மாவைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் பிள்ளை பக்கம் திரும்பினார்.

"இங்க வரணும்னு யார் முடிவு பண்ணினது?"

"நான்தான். அம்மா போன் பண்ணினாங்க."

"நல்லது. நான் அவசரப்படுத்தவும் மாட்டேன், இழுத்தடிக்கவும் மாட்டேன். உனக்குச் சந்தேகம் வந்தா அதையும் சொல்லலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

முதல் நாளே ஒரு விஷயம் வெளியே வந்தது. வாண்டு ஒரு வருஷமாக மார்பை, சுளுக்குக்குச் சுற்றும் எலாஸ்டிக் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். விலா எலும்பில் வலி, மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. அந்தத் துணி ஆபத்து என்று விளக்கி, அதற்கென்றே தைக்கிற அளவான உள்சட்டை எது, எத்தனை மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும் ரயிலில் வாண்டு மூன்று மணி நேரமும் பேசிக்கொண்டே வந்தான். ஒரு வருஷப் பேச்சு. அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் விற்கிறவனைக்கூடக் கையாலேயே போகச் சொன்னாள்.

மாதம் இரண்டு சனிக்கிழமை என்று ஒரு வருஷம் ஓடியது. அதற்குள் அவளும் ஒரு பாடம் படிக்க வேண்டியிருந்தது. 'டி' போய் 'டா' வர வேண்டும். பதினைந்து வருஷத்து நாக்கு லேசில் திரும்புமா? அலுவலகக் கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று, "எழுந்திருடா... சாப்டியாடா... துண்டை எங்கடா போட்டே?" என்று பழகிக்கொண்டிருந்தாள். எட்டாம் நம்பர் உள்ளே வந்துவிட்டாள்.

"யாரை அக்கா இப்படிக் கொஞ்சுறீங்க?"

"என் பையனை."

"உங்களுக்குப் பொண்ணுதானே?"

"எனக்கும் அப்படித்தான்டி சொல்லி வச்சிருந்தாங்க."

எட்டாம் நம்பர் ஒரு கணம் விழித்தாள். பிறகு, "பையன் பேர் என்னக்கா?" என்று கேட்டாள். ஏழாம் நம்பர் மகன் தேர்ந்தெடுத்த பெயரைச் சொன்னாள். வீட்டுக்கு வெளியே அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் நெஞ்சு நிறைந்துபோனது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எல்லாரும் எட்டாம் நம்பர் இல்லையே. ஏழாம் நம்பரின் அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு வாசலிலேயே நின்று கத்தினார். "பிள்ளை கேட்டா எதை வேணா குடுத்துடுவியா? நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"அந்த நாலு பேர் நம்பரைக் குடு அண்ணே. நானே பேசிக்கிறேன். தினம் நானூறு பேர்கிட்ட பேசறேன், நாலு பேர் எனக்கு எந்த மூலைக்கு?"

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இரண்டு வருஷம் அந்த வாசல் பக்கம் வரவில்லை. அவள் அதற்காக அழுதாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கூடப் பிறந்தவர் ஆயிற்றே.

உளவியலாளர் கடிதம் கொடுத்து ஹார்மோன் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் ரத்தம், எலும்பு என்று எல்லாம் சோதித்தார். முதலில் மாதவிடாயை நிறுத்துகிற மருந்து மட்டும். அந்த மாதத்திலிருந்தே வாண்டு மாதாமாதம் பள்ளிக்கு விடுப்பு எடுப்பதை நிறுத்தினான். பதினேழு ஆனபோது அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேச மூன்று பேரையும் உட்கார வைத்தார்.

"ஆண் ஹார்மோன் ஊசி ஆரம்பிச்சா குரல் உடையும், முடி வளரும். பிறகு நிறுத்தினாலும் குரல் பழையபடி திரும்பாது. பின்னாடி குழந்தை பெத்துக்கிறதைப் பத்தியும் இப்பவே யோசிக்கணும். இன்னிக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

இரண்டு வாரம் கழித்து வாண்டு கையில் ஒரு தாள் இருந்தது. எதெல்லாம் திரும்பாது, எதற்கெல்லாம் அவனுக்குப் பயம், ஏன் அப்படியும் வேண்டும் என்று வரிசையாக அவனே எழுதியிருந்தான். மருத்துவர் படித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினார். கண்ணாடிக்காரர் நிதானமாக இரண்டு தடவை படித்தார். அன்றைக்கு அவர் பேசியது ஒரே வார்த்தை.

"வலிக்குமா?"

"சரியாப் போட்டா எறும்பு கடிச்ச மாதிரி" என்றார் செவிலியர். "வீட்டுலேயே போட ஒருத்தர் கத்துக்கலாம்."

ஏழாம் நம்பர் முந்திக்கொண்டு கை தூக்கினாள். ஊசியைப் பிரித்துக் காட்டியதும் கண் இருட்டி நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். ஊரையே அடக்குகிறவள் ஒரு ஊசிக்கு மயங்கியதை வாண்டு இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். கண்ணாடிக்காரர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, செவிலியர் சொன்னபடி ஒரே அசைவில் போட்டார். முப்பது வருஷம் கண்ணாடியில் கோடு இழுத்த கை. இம்மியும் நடுங்கவில்லை. "போட்டாச்சா?" என்று கேட்டான் வாண்டு. அதற்குள் அப்பா பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். கை நடுங்காதவருக்குக் கண் மட்டும் கலங்கியிருந்தது.

நாலைந்து மாதத்தில் வாண்டின் குரல் உடைந்து, கரகரத்து, ஒரு நாள் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. உளவியலாளர் அவளிடம், புதிதாக வரும் பெற்றோர் யாராவது பேச விரும்பினால் எண் கொடுக்கலாமா என்று கேட்டார். தாராளமாக என்றாள். "எடுத்தவுடனே அழுவாங்க. அழட்டும். எனக்கு அது பழக்கம்தான்."

அண்ணன் வந்தது அதற்குப் பிறகுதான். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்காமல் எப்படி இருப்பது என்று வந்திருப்பார் போலும். கதவைத் திறந்தது, மேலுதட்டில் பூனைமுடி அரும்பிய ஓர் இளைஞன்.

"தம்பி, அம்மா இருக்காங்களா?" என்றார் அவர், யாரோ பக்கத்து வீட்டுப் பையன் என்று நினைத்து.

"இருக்காங்க மாமா. உள்ள வாங்க."

அந்த 'மாமா'வில் அவர் நின்றுவிட்டார். ஏழாம் நம்பர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். இன்னொரு சண்டைக்கு அவள் தயாராகத்தான் இருந்தாள். அண்ணன் தங்கையைப் பார்க்கவில்லை, பையனையே பார்த்தார்.

"இன்னொரு தடவை கூப்பிடு" என்றார்.

"மாமா."

"நம்ம அப்பா குரல்டி இது" என்றார் தங்கையிடம். பிறகு செருப்பைக் கழற்றினார். பத்திரிகை உறைமேல் எழுதியிருந்த பழைய பெயரைப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அடித்தார், "தம்பி, உன் பேரைச் சொல்லு, எழுத்துப் பிழை வராம எழுதறேன்" என்றார்.

இப்போது வாண்டுக்குப் பத்தொன்பது வயது. நில அளவை படிக்கிறான், பாதி நாள் வெயிலில் கோலும் சங்கிலியுமாக நிற்கிறான். அறுவை சிகிச்சை பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. எடுக்கும்போது சொல்வான், அதுவரை யாரும் கேட்பதில்லை. முகம் வாடிப்போகிற நாட்களும் உண்டு. அப்போது உளவியலாளரிடம் அவனே பேசிக்கொள்கிறான். மற்றபடி எல்லா வீட்டுப் பிள்ளை மாதிரியும்தான்: சொன்னால் கேட்பதில்லை, துண்டைக் கட்டில்மேல் போடுகிறான், அப்பாவின் சவரக்கத்தியைச் சொல்லாமல் எடுத்து மழுங்கவைக்கிறான்.

"ஒரு வார்த்தை கேக்கறதில்லடி இவன். தொட்டதுக்கெல்லாம் எதிர்த்துப் பேசறான்" என்று எட்டாம் நம்பரிடம் தினமும் குறைப்படுகிறாள் ஏழாம் நம்பர். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால், மகனுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்ததைச் சொல்கிறாளோ என்றுதான் யாருக்கும் தோன்றும்.